டி செல் ஏற்பிகளின் பன்மையை அளந்து கொடுப்பது எது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். டி செல்கள் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்; அயல் புரதத் துண்டுகளை அடையாளம் காண அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் புரதமே ஏற்பி. இந்த ஏற்பிகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்: சில டஜன் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்து நம் உடல் எண்ணிலடங்கா ஏற்பிகளை உருவாக்குகிறது, வகைகள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு பாதுகாப்பு. இதில் முதல் பாதி உறுதியானது. இரண்டாம் பாதியை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். பரிணாமம் இந்தப் பன்மையை எல்லையின்றிப் பெருக்கவில்லை, ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது, அந்த அளவின் பெரும்பகுதி மரபணுத் துண்டுகளின் விளிம்பில் இருக்கும் ஒருசில டிஎன்ஏ எழுத்துகளில் பதிந்திருக்கிறது என்பது என் வாதம்.

அடிப்படையை முதலில் வைத்துவிடுகிறேன். எதிர்ப்பொருள் மரபணுக்கள் உடல் செல்களில் வெட்டி ஒட்டப்படுகின்றன என்பதை சுசுமு டோனெகாவா பாசல் ஆய்வுக்கூடத்தில் 1976இல் காட்டினார். டி செல் ஏற்பியின் மரபணு 1984இல் மார்க் டேவிஸ், டாக் மாக் ஆகியோரின் குழுக்களிடம் தனித்தனியே சிக்கியது. அந்த ஏற்பி பொதுவாக ஆல்பா, பீட்டா என்ற இரு புரதச் சங்கிலிகளால் ஆனது; சங்கிலியின் மரபணு வி (V), டி (D), ஜே (J) என்ற துண்டுகளிலிருந்து ஒட்டப்படுகிறது. மனிதரின் பீட்டா சங்கிலிக்குப் பயன்படும் வி துண்டுகள் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. டி துண்டுகள் 2, ஜே துண்டுகள் 13. ஆல்பா சங்கிலியில் டி துண்டு கிடையாது. வி துண்டுகள் ஏறத்தாழ 45, ஜே துண்டுகள் சுமார் 50. இவற்றை எப்படிப் பெருக்கிப் பார்த்தாலும் சில பத்து லட்சம் சேர்க்கைகளுக்கு மேல் வராது. ஆனால் டேவிஸும் பியோர்க்மனும் 1988இல் போட்ட கணக்கு, ஒன்றுக்குப் பின் 15 சுழியங்கள் என்ற அளவுக்குப் போனது. இடைவெளி முழுவதையும் நிரப்புவது துண்டுகள் சேரும் இணைப்பு இடம்தான். அங்கே சில எழுத்துகள் அரிக்கப்படுகின்றன, டிடிடி என்ற நொதி அச்சு ஏதும் இல்லாமல் புதிய எழுத்துகளைச் சேர்க்கிறது. ஏற்பியில் பெப்டைடை, அதாவது குறும் புரதத் துண்டை, நேராகத் தொடும் சிடிஆர்3 வளையம் அந்த இடத்திலிருந்தே பிறக்கிறது.

ஆக, பன்மை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் இணைப்பில். அந்த இணைப்பை எது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

அலைவாய்க்கரை

நல்ல தொடக்கம். இணைப்புக்குப் போகும் முன் வெட்டும் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதன் வரலாறு தெரியாமல் பரிணாமத்தைப் பேச முடியாது.

வெட்டுவது ராக்1, ராக்2 என்ற இரு புரதங்கள். முதலாவதை ஷாட்ஸ், ஓட்டிங்கர், பால்டிமோர் குழு 1989இல் கண்டுபிடித்தது. இரண்டாவது அடுத்த ஆண்டு. இவை ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் இருக்கும் அடையாளத் தொடரைப் பிடித்து வெட்டுகின்றன. முதலில் சிஏசிஏஜிடிஜி என்ற ஏழெழுத்து, பிறகு 12 அல்லது 23 எழுத்து இடைவெளி, பிறகு ஏசிஏஏஏஏஏசிசி என்ற ஒன்பதெழுத்து. டிஎன்ஏ சுருளில் 12 எழுத்து ஏறத்தாழ ஒரு சுற்று, 23 எழுத்து இரண்டு சுற்று. 12 உள்ள துண்டு 23 உள்ள துண்டோடு மட்டுமே சேரும்.

இந்த அமைப்பைப் பார்த்ததுமே இது ஒரு காலத்தில் தாவும் டிஎன்ஏவாக, அதாவது தானே இடம் மாறும் துண்டாக, இருந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. ராக் புரதங்கள் சோதனைக் குழாயில் உண்மையிலேயே ஒரு துண்டை வெட்டி வேறொரு டிஎன்ஏவுக்குள் செருகுகின்றன என்று ஷாட்ஸ், கெல்லர்ட் ஆகியோரின் குழுக்கள் 1998இல் காட்டின. பூச்சிகளிலும் பிற விலங்குகளிலும் உள்ள டிரான்சிப் என்ற தாவும் மரபணுக்கள் ராக்1இன் உறவினர் என்று கபிடோனோவும் யுர்காவும் 2005இல் நிறுவினர். 2006இல் கடல் முள்ளெலியில் ராக்1, ராக்2 இரண்டையும் ஒத்த மரபணுக்கள் அக்கம்பக்கமாகக் கிடைத்தன. 2016இல் ஆம்ஃபியாக்சஸ் என்ற முதுகெலும்பற்ற கடல் உயிரியில், இரு முனைகளிலும் வெட்டுத் தொடர்களோடு முழுமையான புரோட்டோராக் (ராக்கின் தாவும் உறவினர்) கிடைத்தபோது பழைய ஐயம் ஏறக்குறைய உறுதிப்பட்டது.

என் கண்ணில் மிக அழகான சான்று 2019இல் வந்தது. புரோட்டோராக் தாவக்கூடியது, நம் ராக் செல்லுக்குள் அநேகமாகத் தாவுவதில்லை. ஏன்? ராக்1இன் 848ஆம் இடத்தில் புரோட்டோராக்கில் மெத்தியோனின் இருக்கிறது, தாடையுள்ள முதுகெலும்பிகளில் அர்ஜினின் இருக்கிறது. இதுவும் வேறோர் அமினோ அமில மாற்றமும், ராக்2இல் சேர்ந்த அமிலத்தன்மையுள்ள ஒரு பகுதியும் சேர்ந்து தாவும் திறனை முடக்கிவிட்டன. வெட்டும் திறனை வைத்துக்கொண்டு, வெட்டிய துண்டைக் கண்ட இடத்தில் செருகும் பழக்கத்தைப் பரிணாமம் நீக்கியிருக்கிறது. இளவேனில் சொல்லும் அளவு வைத்தல் கருவியிலேயே தொடங்கிவிட்டது என்பேன்.

இளவேனில்

அலைவாய்க்கரை அவர்களுக்கு நன்றி. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல முன்னுரை அமையாது. கருவி முழுமையாக அடங்கிவிடவும் இல்லை என்பதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். டி செல் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய்கள் சிலவற்றில் ராக் தவறான இடத்தில் வெட்டிய தடயம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வெட்டும் டிஎன்ஏவின் இரு இழைகளையும் அறுக்கும் வெட்டு. அந்த ஆபத்தை ஏற்று இந்த முறையை நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தாடையுள்ள முதுகெலும்பிகள் வைத்திருக்கின்றன.

நிகழ்தகவு

நான் கணக்கியல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 15 சுழியங்கள் என்ற எண் பலரையும் திசைதிருப்புகிறது என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம். ஒரு மனித உடலில் இருக்கும் டி செல்கள் மொத்தமாகவே சுமார் 40,000 கோடி, அதாவது அந்தக் கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவற்றிலும் பல ஒரே ஏற்பியைச் சுமக்கும் குலங்கள், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகியவை. இளம் வயதினர் ஒருவரிடம் உள்ள வெவ்வேறு பீட்டா சங்கிலிகள் 10 கோடி அளவில் இருக்கும் என்பது 2014இல் வந்த ஒரு மதிப்பீடு.

எதிர்ப்பக்கத்தில், ஒன்பது அமினோ அமில நீளப் பெப்டைடுகள் 20இன் ஒன்பதாம் அடுக்கு, அதாவது 51,200 கோடி சாத்தியம். ஒரு ஏற்பிக்கு ஒரு பெப்டைடு என்றிருந்தால் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. டான் மேசன் 1998இல் இந்த வாதத்தை எழுதினார்: ஒவ்வோர் ஏற்பியும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளை அறியக்கூடியதாக இருந்தே தீர வேண்டும். 2012இல் ஒரு மனித டி செல் குலத்தை வைத்து நடந்த சோதனையும் அதே அளவைக் காட்டியது. எனவே பாதுகாப்பு என்பது வகைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு வகையும் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதிலும் இருக்கிறது.

இன்னொன்று. இணைப்பில் உருவாகும் தொடர்கள் எல்லாம் சமவாய்ப்புள்ளவை அல்ல. சில தொடர்கள் மற்றவற்றைவிடப் பல லட்சம் மடங்கு எளிதாகப் பிறக்கின்றன. முன்பின் தொடர்பில்லாத இருவரின் இரத்தத்தில் அச்சு மாறாமல் ஒரே பீட்டா சங்கிலி கிடைக்கிறதே, அதற்கு முதன்மையான காரணம் இருவருக்கும் ஒரே நோய் வந்தது என்பதல்ல. அந்தத் தொடர் பிறப்பதற்கான நிகழ்தகவே அதிகம்.

உடலின் அளவு குறித்து யோசிப்பவர்களுக்கு சிங்கெப் தீவின் பேடோசிப்ரிஸ் மீனைப் பரிந்துரைக்கிறேன். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள, உலகின் மிகச் சிறிய முதுகெலும்பிகளில் ஒன்று. ஃப்ரைபர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் தாமஸ் போயம் குழு 2021இல் அதன் ஏற்பித் தொகுப்பை ஆராய்ந்தது. சில ஆயிரம் லிம்போசைட்டுகளே (டி செல், பி செல் போன்ற வெள்ளணுக்கள்) உள்ள அந்த மீனிலும் குலங்களின் பரவல், சிறியவை மிகப் பல, பெரியவை மிகச் சில என்று மனிதரிடமும் எலியிடமும் காணும் அதே வடிவத்தில் இருந்தது.

மன்றாடி

மூவரும் எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் வாதம் ஒரு முக்கியமான இடத்தில் தாவுகிறது. எல்லாத் தொடர்களும் சமவாய்ப்புள்ளவை அல்ல என்பது ஒரு செய்தி. அந்த ஏற்றத்தாழ்வை இயற்கைத் தேர்வு வடிவமைத்தது என்பது வேறு செய்தி. துண்டுகளின் விளிம்பில் சில எழுத்துகள் இப்படி இருப்பது, அவை ஒரே மூதாதைத் துண்டிலிருந்து இரட்டித்து வந்ததால் ஏற்பட்ட வெறும் மிச்சமாக இருக்கலாம் அல்லவா? மேலும் டிடிடி நொதி எழுத்துகளைச் சேர்க்கத் தொடங்கிய பிறகு விளிம்பில் என்ன எழுதியிருந்தால் என்ன? அது எல்லாவற்றையும் மூடிவிடுமே.

இணைப்பு மூன்றில் இரண்டு முறை வாசிப்புச் சட்டகத்தை, அதாவது மும்மூன்று எழுத்தாகப் படித்துப் புரதமாக்கும் ஒழுங்கை, விட்டு விலகிவிடுகிறது. டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் வளரும் செல்களில் மிகச் சிலவே உயிரோடு வெளியே வருகின்றன. இவ்வளவு வீணடிப்பைச் சகித்துக்கொள்ளும் ஓர் அமைப்பில் அளவு நுணுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நம்பத் தயங்குகிறேன்.

இளவேனில்

மன்றாடி அவர்களின் மறுப்பு நேர்மையானது, அதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும்.

இணைப்பை அருகில் போய்ப் பார்ப்போம். ராக் வெட்டியதும் துண்டின் முனை கொண்டை ஊசிபோல் மூடிக்கொள்கிறது. ஆர்ட்டமிஸ் என்ற நொதி அதைத் திறக்கிறது. இப்போது வி துண்டின் முனையிலும் ஜே துண்டின் முனையிலும் ஜிசிஏ என்ற மூன்றெழுத்து பொதுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையின் ஒற்றை இழை மறு முனையின் எதிரிழையோடு அந்த மூன்றெழுத்தில் பொருந்தி நிற்கிறது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கத்தரிக்கப்படுகிறது, ஜிசிஏ ஒரே ஒரு முறை மட்டும் மிஞ்சுகிறது. இத்தகைய பொதுத்தொடர் இருக்கும் இடத்தில் இணைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி அமையும். அது இல்லாத இடத்தில் பழுதுபார்க்கும் நொதிகள் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டும், விளைவு ஒவ்வொரு செல்லிலும் வேறாக இருக்கும்.

போயம் குழுவின் ஜியோர்ஜெட்டி முதலானோர் 2023இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஓர் இணைப்பு மட்டுமே உள்ள ஆல்பா சங்கிலியைத் தாடையுள்ள முதுகெலும்பிகளின் முதன்மைக் கிளைகள் எல்லாவற்றிலும் ஒப்பிட்டார்கள். எந்த இனத்தின் தொகுப்பு எவ்வளவு பன்மையுடையது என்பதை மிக நன்றாக விளக்கியது, அந்தந்த இனத்தின் துண்டு விளிம்புகளில் இருக்கும் இந்தக் குறுந்தொடர் ஒப்புமையின் அளவுதான். இதன் அடிப்படையில் அவர்கள் வைக்கும் கருதுகோள் எனக்கு மிகவும் வலுவாகத் தோன்றுகிறது. வெட்டி ஒட்டும் முறை புதிதாக வந்த தொடக்ககாலத்தில், தன் உடலையே தாக்கும் ஏற்பிகளை வடிகட்டும் ஏற்பாடுகள் இன்றுபோல் முதிர்ந்திருக்க வாய்ப்பில்லை. அப்போது கட்டற்ற பன்மை ஆபத்து. விளிம்பில் ஒப்புமை இருந்தால் பிறக்கும் ஏற்பிகள் சிலவாகவும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவையாகவும் இருக்கும்; ஆபத்தானவை பிறந்தால் அந்தத் துண்டையே தேர்வு களைந்துவிட முடியும். பின்னர் கட்டுப்பாடுகள் வலுத்தபோது ஒப்புமை தளர்ந்து பன்மை விரிந்திருக்கலாம்.

வெறும் மிச்சம் என்ற உங்கள் விளக்கத்துக்கு என் எதிர்ச்சான்று எலிக்கருவில் இருக்கிறது. எலியின் தைமஸில் முதன்முதலாகப் பிறக்கும் காமா-டெல்டா செல்கள் (ஆல்பா, பீட்டாவுக்குப் பதில் காமா, டெல்டா சங்கிலிகளால் ஆன ஏற்பியுள்ள டி செல்கள்) தோலுக்குப் போய்த் தங்குகின்றன. அவை அனைத்தும் அநேகமாக ஒரே ஏற்பியைச் சுமக்கின்றன. கருவின் அந்தக் கட்டத்தில் டிடிடி இல்லை. விளிம்பில் உள்ள குறுந்தொடர் ஒப்புமையே இணைப்பை நடத்துகிறது. பன்மை தேவையில்லாத, ஒரே மாதிரியான காவலர்கள் தேவைப்படும் இடத்தில் விளிம்பெழுத்துகள் அதைச் செய்து கொடுக்கின்றன. இதை எச்சம் என்று எப்படி ஒதுக்குவது?

டிடிடி எல்லாவற்றையும் மூடிவிடும் என்றீர்கள். 1993இல் அந்த நொதி இல்லாத எலிகளை இரண்டு குழுக்கள் உருவாக்கின. அவற்றின் ஆல்பா-பீட்டா தொகுப்பு இயல்பான எலியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கியது எனப் பின்னாளில் அளந்தார்கள். ஆனாலும் அவை தொற்றுகளை நன்றாகவே எதிர்கொண்டன. இன்னும் முக்கியம்: தாமாகவே நீரிழிவு பெறும் என்ஓடி வகை எலிகளில் இந்த நொதியை நீக்கியபோது தன்னெதிர்ப்பு நோய் குறைந்தது. பத்தில் ஒன்பது பங்கு பன்மை போனபோதும் காவல் பெரிதாகக் குலையவில்லை, தன்னைத் தாக்கும் நோய் குறைந்தது. பன்மைக்கு விலை உண்டு என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா?

கால்நடை மருத்துவர்

எலியையும் மனிதரையும் மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனித இரத்தத்தின் டி செல்களில் காமா-டெல்டா வகை பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து. இளங்கன்றின் இரத்தத்தில் அது பாதிக்கும் மேலாகவே இருக்கலாம். ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றிலும் அதிகம். எங்கள் துறையில் கன்றின் நோயெதிர்ப்பை மனிதப் பாடநூலை வைத்துப் படிப்பது எவ்வளவு தவறாக முடியும் என்பதை அன்றாடம் உணர்கிறோம்.

பன்மை பெறும் வழியும் ஒன்றல்ல. டி செல்கள் தம் ஏற்பியைப் பின்னால் திருத்துவதில்லை, அது எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்லின் வேலை என்று கல்லூரியில் படித்தோம். ஒட்டகத்தின் காமா, டெல்டா சங்கிலிகளில் உடல்செல் மாற்றம், அதாவது அத்தகைய பிந்தைய திருத்தம், நடப்பது தெரிந்துவிட்டது. செவிலிச் சுறாவின் தைமஸில் ஆல்பா சங்கிலியே அப்படித் திருத்தப்படுகிறது என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. ஒபோசம் முதலான பைப்பாலூட்டிகளிடம் மியூ என்று ஐந்தாவது வகைச் சங்கிலி இருக்கிறது. பாம்பு, பல்லி, ஓணான் இனங்கள் அதற்கு நேர்மாறு: காமா-டெல்டா மரபணுக்களையே இழந்துவிட்டன.

அலைவாய்க்கரை

மருத்துவர் ஐயா சொன்ன இழப்பின் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அட்லாண்டிக் காட் மீன், டி செல்களுக்குப் பெப்டைடைக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகைப் புரதத்தையும் அதைப் பிடிக்க உதவும் சிடி4 புரதத்தையும் இழந்துவிட்டதை 2011இல் அதன் மரபணுத்தொகுதி வெளிவந்தபோது அறிந்தோம். அந்த மீன் கடலில் செழித்தே வாழ்கிறது. ஆழ்கடல் தூண்டில் மீன்களில் ஆண், பெண்ணின் உடலோடு ஒட்டி இரத்தக் குழாய்கள்வரை ஒன்றாகிவிடும். அயலுடல் திசுவை நிராகரிக்கும் டி செல்கள் இருந்தால் இது எப்படி நடக்கும்? நிலையாக ஒட்டும் சில இனங்களில் ராக் மரபணுக்களே செயலிழந்தோ மறைந்தோ போயிருப்பதை 2020இல் போயமும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். பன்மை முழுவதையும் கைவிட்டும் ஒரு முதுகெலும்பி உயிர் வாழ்கிறது. அது வேறு எதைக் கொண்டு தன்னைக் காக்கிறது என்பது திறந்த கேள்வி.

புதுமுகம்

பெரியவர்களின் உரையாடலில் ஓர் ஐயம். நான் இளநிலை உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி. தாடையில்லாத மீனான லாம்ப்ரேக்கு ராக் கிடையாது என்று படித்தேன். அப்படியானால் அதற்கு டி செல்லே கிடையாதா?

இளவேனில்

நல்ல கேள்வி, தங்கையே. டி செல்லை ஒத்தது இருக்கிறது, ஏற்பிதான் முற்றிலும் வேறு. 2004இல் பான்சர், கூப்பர் முதலானோர் லாம்ப்ரேயில் விஎல்ஆர் என்ற ஏற்பிகளைக் கண்டனர். நம் ஏற்பிகள் இம்யூனோகுளோபுலின் மடிப்பால் ஆனவை. அவை லூசின் மிகுந்த அலகுகளை அடுக்கிக் கட்டியவை. அங்கே முழுமையற்ற ஒரு மரபணுவுக்குள் அக்கம்பக்கத்து அலகுகளின் வரிசை படியெடுத்துச் சேர்க்கப்படுகிறது. சைட்டிடின் டிஅமினேஸ் நொதிகள் இந்த வேலையைச் செய்வதாகக் கருதப்படுகிறது. விஎல்ஆர்ஏ, விஎல்ஆர்சி ஏந்தும் செல்கள் நம் டி செல்களைப் போலவும், விஎல்ஆர்பி ஏந்துபவை பி செல்களைப் போலவும் நடந்துகொள்கின்றன. செவுள் இழைகளின் நுனியில் தைமஸை ஒத்த திசு இருப்பதும் 2011இல் தெரிந்தது. அதாவது செல்வகைகளின் பிரிவு பழையது. பன்மை உண்டாக்கும் கருவி இரு கிளைகளிலும் தனித்தனியே வந்தது.

மன்றாடி

என்ஓடி எலிச் சான்றும் எலிக்கருச் சான்றும் என்னை நகர்த்திவிட்டன. பன்மைக்கு விலை உண்டு, விளிம்பெழுத்துகள் பயன்பாட்டில் உள்ளன என்ற இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் இனங்களுக்கிடையிலான ஒப்பீடு தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தைக் காட்டவில்லை என்ற நிலையில் இன்னும் நிற்கிறேன். நான் கேட்கும் சோதனை இது. வரிக்குதிரை மீனின் ஆல்பா பகுதியில் ஜே துண்டுகளின் தொடக்கத்தை மரபணுத் திருத்தத்தால் மாற்ற வேண்டும். அமினோ அமிலம் மாறாமல் ஒப்புமையை மட்டும் கலைக்க வேண்டும். இணைப்புகள் சிதறினால் முதல் பாதி உறுதி. அந்த மீன்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, தன்னெதிர்ப்பு நோய் கூடுகிறதா, முட்டையிடும் திறன் குறைகிறதா என்று பார்த்தால்தான் தேர்வு என்ற சொல்லை நான் பயன்படுத்துவேன்.

நிகழ்தகவு

அமினோ அமிலம் மாறாமல் என்ற நிபந்தனை எல்லா ஜே துண்டிலும் ஈடேறாது. விளிம்பிலுள்ள ஒன்றிரண்டு எழுத்துகள் எப்படியும் அரிக்கப்படுவதால் எந்தச் சட்டகத்தில் படிக்கப்படும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவாக, ஒப்புமையைக் கலைக்காமல் அதே எண்ணிக்கையில் எழுத்துகளை மாற்றிய இன்னொரு மீன் வரிசையும் தேவை. அந்த இரண்டின் ஏற்பித் தொகுப்புகளையும் தைமஸுக்குள் தேர்வு நடப்பதற்கு முன்னும் பின்னும் தனித்தனியே வாசிக்க வேண்டும்; சட்டகம் விலகிய, புரதமாக மாறாத இணைப்புகளைத் தனியே எடுத்துக்கொண்டால் தேர்வின் கைபடாத பிறப்பு நிகழ்தகவு நேரடியாகக் கிடைத்துவிடும்.

இளவேனில்

இந்த வடிவத்தில் சோதனையை மனமார ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும்: மீன்கள் வளர்ந்த பிறகு மட்டும் பார்க்காமல், தைமஸில் முதல் டி செல்கள் தோன்றும் லார்வா நாட்களிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். விளிம்பெழுத்துகளின் ஆட்சி வலுவாக இருக்குமென்றால் அந்த நாட்களில்தான் இருக்கும்.